அப்பாவின் கடன் கொப்பிகள்: சாப்பாட்டுச் செலவின் பங்கு குறைந்தது, மிச்சக் காசு எங்கே போனது?

பாலையூற்றுக் கடை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1978இல் இருந்து திருகோணமலை, பாலையூற்றில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சில வருடமாக நான்தான் கல்லாவில். அவர் காலையில் வந்து வாசல் கதிரையில் இருந்து போகிறவர் வருகிறவரோடு கதைப்பார். போன மாதம் பின்னறைக்கு வெள்ளையடிக்க ஒதுக்கியபோது ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய கடன் கொப்பிகள் கிடைத்தன. இடம்பெயர்வுகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியவை 1981, 1996, 2011. 2018க்குப் பிறகு உள்ளவை என் கையெழுத்து.

1981 கொப்பியில் ஒரு வீட்டுக்கு ஒரு கிழமைக்கு எழுதியிருப்பது இது: அரிசி, சீனி அரை இறாத்தல் (கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு), மண்ணெண்ணெய் 2 போத்தல், தேங்காய், செத்தல் மிளகாய், பருப்பு, கருவாடு, வெற்றிலை பாக்கு, ஒரு கட்டி சவுக்காரம். அரிசி கொத்துக் கணக்கில் (பழைய முகத்தல் அளவு) இருக்கிறது. மண்ணெண்ணெய் விளக்குக்கு. சவுக்காரத்தையும் வெற்றிலையையும் விட்டால் மற்றதெல்லாம் வயிற்றுக்கும் அடுப்புக்கும் விளக்குக்கும்தான்.

1996இல் பால்மா வருகிறது, பைக்கற் ஷம்போ வருகிறது, டோர்ச் பற்றரி அடிக்கடி வருகிறது (அந்த வருடங்களில் கரண்ட் எப்படி இருந்தது என்று ஊரவர்களுக்குத் தெரியும்). 2011இல் கொப்பியே வேறு மாதிரி. ரீலோட், ரீலோட், ரீலோட் (போனுக்குக் காசு போடுவது). பிறகு நூடில்ஸ், யோகட், பிஸ்கட், பிள்ளைகளின் பம்பர்ஸ், வாசனைப் பவுடர். அரிசி இருக்கிறது, ஆனால் தேடிப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பொருளாதாரம் தெரியாது. ஒரு ஊர் கொஞ்சம் முன்னேறும்போது வீட்டுச் செலவு இப்படித்தான் மாறுமா? இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை வாத்தியார்

பிள்ளை, அந்தக் கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள். நான் உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். நீங்கள் கண்டதை 1857இல் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஏர்ன்ஸ்ட் எங்கல் என்று பெயர், ஜெர்மனியின் சக்சனி அரசின் புள்ளிவிபர அலுவலகத் தலைவர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கை எடுத்து அடுக்கிப் பார்த்தார். வருமானம் கூடக் கூட மொத்தச் செலவில் உணவின் பங்கு குறைகிறது. ஏழை வீடு என்றால் காசின் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும். இதை எங்கல் விதி என்று படிப்பிப்போம்.

ஒன்றை மாணவர்கள் எப்போதும் பிழையாக விளங்குவார்கள். குறைவது பங்குதான், தொகை அல்ல. வசதியான வீடு ஏழை வீட்டை விடச் சாப்பாட்டுக்குக் கூடத்தான் செலவழிக்கிறது. ஆனால் வருமானம் இரண்டு மடங்கானால் சாப்பாட்டுச் செலவு இரண்டு மடங்காவதில்லை, ஏனென்றால் வயிறு அப்படியேதான் இருக்கிறது.

சாப்பாட்டுக்குள்ளேயும் இடமாற்றம் நடக்கும். 1941இல் மெரில் பெனட் என்பவர் நாடுகளை ஒப்பிட்டு, வருமானம் ஏறும்போது தானியம், கிழங்கு வகையிலிருந்து கிடைக்கும் கலோரியின் பங்கு இறங்குவதைக் காட்டினார். மீன், முட்டை, பால், பழம் ஏறும். உங்கள் கொப்பியில் அரிசியைத் தேட வேண்டியிருப்பதும் யோகட் வந்ததும் அதுதான்.

இலங்கைக்குக் கணக்கு இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டுச் செலவு ஆய்வுகளில் 1980/81இல் உணவின் பங்கு 65 சதவீதம் அளவில். 2016இல் 34.8. ஒரு தலைமுறைக்குள் பாதியாகிவிட்டது.

திருக்கடலூர் தம்பி

சேர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. சோழகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலம்) கையில் காசு புரளும். வாடை (வடகீழ்க் காற்று) தொடங்கினால் படகு கரையில் கிடக்கும், அப்போது சாப்பாட்டுக்கே கடன். ஆனி மாதத்தில் எங்களிடம் கேட்டால் நாங்கள் பணக்காரர், மார்கழியில் கேட்டால் பரம ஏழை. எந்த மாதத்துப் பங்கை எழுதுவது?

அப்புறம், மீனுக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை. கறிக்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றதை விற்போம்.

புள்ளி விபரம்

தம்பி, நான் அந்த ஆய்வுக்கு வீடு வீடாகப் போனவன், அதனால் சொல்கிறேன். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் அதில் வழி இருக்கிறது. ஆய்வைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பித்தான் செய்கிறார்கள், வாடையும் சோழகமும் அறுவடையும் எல்லாம் அகப்படும். காசு கொடுக்காமல் எடுத்த மீன், வளவில் காய்த்த முருங்கை, வயலில் விளைந்த நெல் எல்லாவற்றுக்கும் விலை போட்டுச் செலவில் சேர்ப்போம். சொந்த வீட்டுக்கும் ஒரு மதிப்பீட்டு வாடகை உண்டு. அது உணவில்லாத செலவுப் பக்கம் போகும்.

வாத்தியார் ஐயா சொன்ன 65, 34.8 இரண்டையும் திருகோணமலைக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. சண்டைக் காலத்தில் வடக்கு, கிழக்கை விட்டுவிட்டு எடுத்த ஆய்வுகள் பல. 2006/07இல் வடமாகாணம் முழுவதும், கிழக்கில் எங்கள் திருகோணமலை மாவட்டமும் சேர்க்கப்படவில்லை. நாடு முழுவதையும் சேர்த்து எடுத்தது 2012/13இல்தான். அந்த நீளமான கோட்டில் நாங்கள் இல்லாத இடங்கள் இருக்கின்றன. அதனால்தான் பாலையூற்றுத் தங்கச்சியின் 1996 கொப்பி எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கிண்ணியா ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். பாலம் வந்த கதையைச் சொல்லட்டுமா? 2009 ஐப்பசி வரைக்கும் நாங்கள் டவுனுக்கு வர வேண்டும் என்றால் பாதையில்தான் (வாகனமும் ஆளும் ஏற்றும் மிதவை) கடலைக் கடக்க வேண்டும். வரிசையில் நின்று, வாகனம் ஏற்றி, அக்கரை போய்ச் சேர அரை நாள். அதனால் தேவையில்லாமல் யாரும் போக மாட்டார்கள். எங்கள் வீட்டில் போக்குவரத்துச் செலவு என்பதே கிட்டத்தட்ட இல்லை.

பாலம் திறந்தது, 396 மீற்றர், சில நிமிடத்தில் அக்கரை. ஒரு தடவைக்கான செலவும் அலைச்சலும் குறைந்தன. ஆனால் மாதச் செலவு ஏறியது! ஏனென்றால் மகன் டவுனில் வகுப்புக்குப் போகத் தொடங்கினான், நான் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினேன், மச்சான் மோட்டார் சைக்கிள் எடுத்தார். நான் இதை நட்டமாகப் பார்க்கவில்லை. முன்பு வருத்தத்தைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடந்தோம், அதற்குச் செலவு இல்லை. செலவு கூடுவதே சில வேளை நல்ல செய்திதான்.

பாலையூற்றுக் கடை

ராத்தா, இப்படி நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

சேரிடம் ஒரு கேள்வி. அப்பா சொல்கிறார், 1981 கொப்பியை வைத்து அதற்கு முந்திய காலத்தைக் கணக்குப் பார்க்காதே, எழுபதுகளில் கூப்பன் அரிசி (அரசின் பங்கீட்டு அரிசி) இருந்தது, அந்த அரிசி எந்தக் கடைக் கொப்பியிலும் வராது என்று. உண்மையா?

உவர்மலை வாத்தியார்

அப்பா சொல்வது முற்றிலும் சரி. அரிசிப் பங்கீட்டை 1978இல் சனத்தொகையில் பாதிப்பேர் அளவுக்குச் சுருக்கினார்கள். 1979இல் அதை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்கள், மண்ணெண்ணெய்க்கும் முத்திரை இருந்தது. முத்திரையில் எழுதிய தொகை அப்படியே நிற்க, விலைவாசி ஏறிக்கொண்டு போனது. 1981இல் உங்கள் கடையில் அரிசி எழுதப்பட்டிருப்பதற்கு ஒரு காரணம் அது. சங்கக்கடைக் கூப்பனில் வந்தது காசுக்கு வர வேண்டிய பொருளாகியது. ஏழை வீட்டின் உணவுச் செலவு பசியால் மட்டும் ஏறுவதில்லை, அரசு கையை எடுத்தாலும் ஏறும்.

பாணையும் பாருங்கள். 1980இல் சீனக்குடாவில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. நான் பிள்ளையாக இருந்தபோது காலையில் பழஞ்சோறு அல்லது பிட்டு. என் பிள்ளைகளுக்குக் காலையில் பேக்கரிப் பாண். அம்மா இடித்து அவித்த வேலை காசாக மாறிக் கொப்பிக்குள் வந்தது. வீட்டுக்குள் கணக்கில்லாமல் நடந்த உழைப்பு வெளியே போய்ச் செலவாகத் திரும்பி வருவதுதான் வளர்ச்சியின் பெரிய பகுதி.

நிலாவெளிப் பெடியன்

நான் ஒரு ஹோட்டலில் வேலை. வயது 27. என் மாதச் செலவை இந்த இழைக்காக நேற்று எழுதிப் பார்த்தேன். தொகை வேண்டாம், வரிசை மட்டும். முதலாவது மோட்டார் சைக்கிள் லீசிங். இரண்டாவது வீட்டுக்கு அம்மாவிடம் கொடுப்பது, சாப்பாடு அதற்குள் வரும். மூன்றாவது தங்கச்சியின் டியூசன். நான்காவது போன் டேட்டா, போனின் தவணையும் சேர்த்து. ஐந்தாவது பெற்றோல். பிறகு சீட்டு. உடுப்புக்கு வருடத்தில் இரண்டு தடவைதான்.

சேர் சொல்கிற கணக்குப்படி நான் வசதியானவன், உணவின் பங்கு குறைவுதானே. ஆனால் 2020இலும் 2022இலும் வெள்ளைக்காரர் வராமல் ஹோட்டல் வெறுமையாகக் கிடந்தபோது நாங்கள் முதலில் குறைத்தது சாப்பாட்டைத்தான். லீசிங்கைக் குறைக்க முடியாது, பைக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். டியூசனை நிறுத்தினால் தங்கச்சியின் பரீட்சை போகும். டேட்டா இல்லாமல் வேலை தேட முடியாது. மீன் வாங்குவதை நிறுத்தினோம், முட்டையை நிறுத்தினோம், இரவில் பாணும் சம்பலும்.

பாலையூற்றுக் கடை

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் சொல்லத் தெரியாமல் வைத்திருந்தது இதுதான்.

2022 கொப்பி முழுக்க என் கை. அந்த வருடம் பருப்பு 100 கிராம், சீனி 100 கிராம் என்று எழுதியிருக்கிறேன். 1981இலேயே அரை இறாத்தல் சீனிக்குக் குறைவாக எழுதியதில்லை. பால்மாப் பைக்கற்றை உடைத்துத் தேநீருக்கு அளவாகச் சின்னப் பையில் கட்டிக் கொடுத்தோம். முட்டையை ஒவ்வொன்றாக விற்றோம். அரைத் தேங்காய் கேட்டார்கள், உடைத்துக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியை யாராவது வரும்வரை தண்ணீரில் வைத்திருந்தேன். அதே வீடுகள் அதே வருடம் ரீலோட்டை நிறுத்தவில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. சோற்றுக்கு இல்லை, போனுக்கு இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர், “அந்தப் பிள்ளைகள் போனில்தான் பள்ளிக்கூடம் படிக்குதுகள்” என்றார்.

1981இல் கஷ்டம் வந்தால் குறைக்க என்ன இருந்தது? ஏற்கெனவே எல்லாம் சாப்பாடுதான், அதனால் பசி நேராகவே கொப்பியில் தெரியும். இப்போது ஒரு வீட்டுச் செலவில் பெரும்பகுதி முன்கூட்டியே கட்டுப்பட்டுவிட்டது. தவணை, கரண்ட் பில், தண்ணீர் பில், டியூசன். இவை அசையாது. அசையக்கூடியது சட்டி மட்டும். அப்படியென்றால் உணவின் பங்கு குறைவாக இருப்பது வசதியாலும் வரலாம், பட்டினியாலும் வரலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இலக்கம். சேர், நான் சொல்வது பிழையா?

உவர்மலை வாத்தியார்

பிழை இல்லை. எங்கல் விதியை நாற்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒரு மாணவனும் கேட்டதில்லை.

பாடநூல்படி 2022இல் உணவின் பங்கு ஏற வேண்டும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பொதுப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9. ஒரு வருடத்தில் உணவு விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே அளவு வாங்கினால் பங்கு பாய்ந்து ஏறும். ஆனால் அதே அளவு வாங்கினால்தானே! விலை இரண்டு மடங்காகி, அளவைப் பாதியாக்கினால் தொகை நின்ற இடத்தில் நிற்கும். தாளில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. 1960களில் மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற அம்மையார், குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒன்றை உணவுக்குச் செலவழிக்கின்றன என்ற 1955ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து, குறைந்தபட்ச உணவுச் செலவை மூன்றால் பெருக்கி வறுமைக் கோட்டை அமைத்தார். பிறகு வீட்டுச் செலவும் வைத்தியச் செலவும் ஏறின, உணவின் பங்கு மூன்றில் ஒன்றைவிட நன்றாகக் கீழே போனது. ஆனால் அந்தக் கோட்டை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினார்களே தவிர, பெருக்கும் மூன்றை மாற்றவில்லை.

திருக்கடலூர் தம்பி

2022 பற்றிக் கதைப்பதால் சொல்கிறேன். ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய் ஆனது, ஒரே இரவில். எங்கள் வெளியிணைப்பு எஞ்சின் ஓடுவது அதில்தான். கடைக்கார அக்காவின் 1981 கொப்பியில் மண்ணெண்ணெய் விளக்குக்கு. எங்களுக்கு அது இப்போதும் சோறு. எண்ணெய் வாங்கின காசுக்கு மீன் படாத நாளில் வீட்டுக்கு வைத்த காசையும் சேர்த்து அடுத்த நாள் எண்ணெய் அடிப்போம். கடலுக்கும் வீட்டுக்கும் ஒரே மடிதான்.

கடைசியில் அயலில் இருவர் எஞ்சினை விற்றார்கள்.

மூதூர் தாய்

நான் குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்தேன். அனுப்பிய காசு எங்கே போனது என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான், கல்லும் சீமெந்தும். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. வீடு இல்லாமல் மகளைக் கேட்டு வர மாட்டார்கள். எனக்கு இரண்டு மகள்மார். அந்த ஒன்பது வருடமும் என் பிள்ளைகள் நான் போவதற்கு முன்பு சாப்பிட்டதைவிடக் கொஞ்சம்தான் நன்றாகச் சாப்பிட்டார்கள். உம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன், அவ வயது போனவ, மாசக்காசு வந்தவுடன் மேசனுக்குக் கொடுப்பா. மூத்த மகளுக்கு இரத்தம் குறைவு என்று டொக்டர் சொன்னபோது வீட்டுக்குக் கொங்கிறீற் தட்டு போட்டு முடிந்திருந்தது.

இதை எந்த ஆய்வில் எந்தப் பெட்டியில் எழுதுவார்கள்?

புள்ளி விபரம்

மூதூர் ராத்தா, வீடு கட்டும் காசு அன்றாட நுகர்வுச் செலவாகக் கணக்கில் வராது, அது சொத்துப் பக்கம். அதனால் உங்கள் வீட்டு உணவின் பங்கைப் பார்த்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். உங்கள் வீட்டைப் போல ஒன்றுக்கு நான் 2016இல் போயிருக்கிறேன். பெரிய வீடு, நிலத்துக்கு மாபிள், குசினியில் பருப்பும் கீரையும். படிவத்தை நிரப்பிவிட்டு வந்து அன்று முழுக்க மனம் சரியில்லை.

சராசரி பற்றியும் ஒன்று. 2019இல் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் சராசரியாக 76,414 ரூபாய். ஆனால் குடும்பங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு 53,333. பாதிக் குடும்பங்கள் அதற்கும் கீழே. அந்த வருடம் உணவின் பங்கு 35.1 என்பது எல்லோரையும் சேர்த்துப் பிழிந்த இலக்கம்.

நிலாவெளிப் பெடியன்

டியூசனைப் பற்றி யாராவது கதையுங்கள். 1945இல் இருந்து இலவசக் கல்வி என்று பெருமையாகச் சொல்கிறோம். எங்கள் வீட்டில் மூன்றாவது பெரிய செலவு அது.

உவர்மலை வாத்தியார்

அதற்கு நானும் பொறுப்பு. இருபது வருடம் மாலையில் வகுப்பு வைத்தேன், அந்தக் காசில்தான் என் மகனைப் படிக்க வைத்தேன். வருமானம் ஏறும்போது எல்லோரும் பிள்ளையின் படிப்பில் காசு போடுவார்கள், அது இயல்பு. ஆனால் பல்கலைக்கழக இடங்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. எல்லோரும் எட்டி நின்றால் ஒருவருக்கும் கூடத் தெரியாது, எல்லோருக்கும் கால் மட்டும் நோகும். ரீலோட்டுக்கும் யோகட்டுக்கும் கொடுக்கும் காசில் வீட்டுக்கு ஒன்று கிடைக்கிறது. டியூசன் காசில் ஒரு பகுதி அயல்வீட்டுப் பிள்ளையை முந்துவதற்கு மட்டும் போகிறது.

கிண்ணியா ராத்தா

சேர், முந்துவதற்கு மட்டும் என்று சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடம் போனது. மகன் வகுப்புக்குப் போயிராவிட்டால் ஒன்றும் தெரியாமல் இருந்திருப்பான்.

உவர்மலை வாத்தியார்

ஏற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் இல்லாத இடத்தில் அது வேறு கணக்கு.

பாலையூற்றுக் கடை

இரண்டு நாளாக வர முடியவில்லை, வருடக் கணக்கு முடித்தேன். இடையில் ஒரு வீட்டின் பக்கத்தை மட்டும் 2019இல் இருந்து பின்தொடர்ந்து பார்த்தேன். யார் என்று சொல்ல மாட்டேன், அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியும். தகப்பன் மேசன் வேலை. 2019இல் ஒவ்வொரு சனிக்கிழமையும் “யோகட் 3” என்று இருக்கிறது. 2020இல் சில சனிக்கிழமை விடுபடுகிறது. 2022 சித்திரையோடு யோகட் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. 2023 முழுக்கவும் இல்லை. 2024 ஆனியில் “யோகட் 1”. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்று, ஒன்று, ஒன்று.

மூன்றில் ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது என்று எழுதத்தான் வந்தேன்.

புள்ளி விபரம்

தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். இப்போது அந்த வீட்டில் எத்தனை பேர்?

பாலையூற்றுக் கடை

அப்பாவிடம் கேட்டேன். மூத்த பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான். இரண்டாவது பிள்ளை கொழும்பில் வேலை. வீட்டில் சின்னவள் மட்டும்தான்.

அப்போ அந்த ஒன்று குறைவா, சரியான அளவா?

புள்ளி விபரம்

அதனால்தான் நாங்கள் தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். பிள்ளைக்கு ஒரு யோகட் என்றால் 2019இல் இருந்த அளவு வந்துவிட்டது. ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது தகப்பனின் மேசன் வேலையா, கட்டாரில் இருந்து வரும் காசா என்று பாருங்கள். 2019இல் அந்தப் பெடியன் யோகட் சாப்பிட்டவன்.

பாலையூற்றுக் கடை

முழுக் கொப்பியையும் வீட்டுக்கு எத்தனை பேர் என்று ஓரத்தில் எழுதித் திரும்பப் பார்க்கிறேன். அப்பாவுக்கு எல்லா வீட்டையும் தெரியும், 1981இல் உள்ளவற்றையும் சேர்த்து. அவர் காலையில் நல்ல தெளிவாக இருப்பார். நாளை 1981இல் இருந்து தொடங்குகிறோம்.